மறு: "எதிர்பார்ப்புத் தாழ்வு" – வேறு சொல் தேடுவோமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். கடலூர் ஐயா போன வாரம் இட்ட மடலுக்குப் பதில் இது. அவர் எழுதியது:

> பெரிய பெரிய மிருகங்கள் ஊரை இடித்துக்கொண்டு சண்டை போடும் படங்களை ரசிக்க வேண்டுமானால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த மனநிலைக்கு "எதிர்பார்ப்புத் தாழ்வு" என்று பெயர் வைக்கலாம்.

சொல்லமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஐயா. அது சொல்லும் கருத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் படங்களுக்குப் போகிறவர்கள் குறைவாக எதிர்பார்த்துப் போவதில்லை; வேறொன்றை எதிர்பார்த்துப் போகிறார்கள். அதையும் நிறையவே எதிர்பார்க்கிறார்கள். ஆகவே நம் கலைச்சொல் எதிர்பார்ப்பின் அளவை விட்டுவிட்டு வகையைச் சுட்ட வேண்டும் என்பது என் கட்சி.

2021 மார்ச்சில், காட்ஸில்லா என்னும் ராட்சதப் பல்லியும் காங் என்னும் ராட்சதக் குரங்கும் மோதும் படம் தமிழ்க் குரலோடு வந்தபோது இங்கே புதுச்சேரியில் தியேட்டரில் பார்த்தேன். நடுக்கடலில் விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் நின்றுகொண்டு, ஏறி வரும் காட்ஸில்லாவின் முகத்தில் காங் ஓங்கி ஒரு குத்து விடும். எனக்கு முன்வரிசையில் இருந்த பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தே விட்டார். கூட வந்த பையன் "கப்பல் கவுந்துடாதா தாத்தா?" என்று கேட்க, "கவுந்தா கவுரட்டும், அடியப் பாருடா" என்றார். அவரா குறைவாக எதிர்பார்த்து வந்தவர்? அந்தக் குத்து மட்டும் சொத்தையாக விழுந்திருந்தால் முதல் ஆளாகத் திட்டியிருப்பார். "மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பார்" என்று சொல்கிறோமே, அந்தப் பேச்சு இவரைப் போன்றவர்களுக்கு அநியாயம் செய்கிறது. அவர் மூளை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கப்பலின் மிதப்பைக் கணக்குப் போடவில்லை, அவ்வளவுதான். யார் கை ஓங்குகிறது, அடுத்த அடி எங்கே விழும் என்பதில் அவருக்கு ஒன்றும் தப்பவில்லை.

2014-இல் வந்த காட்ஸில்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்குநர் கேரத் எட்வர்ட்ஸ் மிருகத்தை நெடுநேரம் கண்ணில் காட்டவே மாட்டார். ஹொனலுலு விமான நிலையத்தில் ஒருவழியாக அது நிமிர்ந்து நின்று கர்ஜிக்கும். சரி, இப்போது சண்டை என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், காட்சி வெட்டுப்பட்டு ஒரு வீட்டு டிவியில் செய்தியாக அந்தச் சண்டை ஓடும். சண்டைக்காகப் போனவர்கள் கொதித்தார்கள். அந்த உருவத்தின் பருமனையும் அதன் முன் மனிதன் எறும்பாவதையும் பார்க்கப் போனவர்களுக்கோ அதே படம் பிடித்துப்போயிற்று. இரு சாராரும் நிறைய எதிர்பார்த்துத்தான் போனார்கள். குறைப்பதும் கூட்டுவதும் இங்கே எதையும் விளக்கவில்லை.

இன்னும் பின்னால் போனால் விஷயம் தெளிவாகிறது. முதல் காட்ஸில்லா ஜப்பானில் 1954 நவம்பர் 3 அன்று வெளியானது. ஹிரோஷிமா நடந்து ஒன்பது ஆண்டுகள். அதே ஆண்டு மார்ச்சில்தான் பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் கொட்டியது. படமே ஒரு கப்பல் அழிவதில்தான் தொடங்கும். அதைப் பார்த்த அன்றைய ஜப்பானியர் உட்கார்ந்தது துக்கத்தோடு. 1962-இல், முதல் படத்தை இயக்கிய அதே ஹொண்டா இஷிரோ இயக்கத்தில், அதில் காட்ஸில்லாவாக நடித்த அதே நகாஜிமா ஹருவோ ரப்பர் உடைக்குள் இருக்க, காட்ஸில்லாவும் காங்கும் பாறையைத் தூக்கி எறிந்து விளையாடினார்கள். அதற்கு வந்தவர்கள் சிரிப்பதற்கென்றே வந்தார்கள். மாறியது எதிர்பார்ப்பின் உயரமா? சுவைதானே!

இதற்கு நம்மிடம் இலக்கணமே இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது மெய்யில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நிலைக்களன்களையும் சொல்கிறது. மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, நிலைக்களன் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். பெருமை என்றால் பருத்த உரு. ஆக்கம் என்றால் ஒன்று இன்னொன்றாவது. ராட்சத மிருகப் படத்தின் முழுச் சரக்கும் இந்த நான்குக்குள் அடங்கிவிடுகிறது! அச்சத்துக்குச் சொன்ன நான்கில் அணங்கும் (வருத்தும் தெய்வம்) விலங்கும் உண்டு. ஒரே விலங்கை அச்சத்துக்காகவும் பார்க்கலாம், மருட்கைக்காகவும் பார்க்கலாம், நகைக்காகவும் பார்க்கலாம். எதற்காக உட்கார்ந்தோம் என்பது டிக்கெட் வாங்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. போஸ்டர், டிரெய்லர், நண்பன் சொன்ன ஒரு வரி எல்லாம் அந்த முடிவைத்தான் செய்கின்றன.

எனவே என் முன்மொழிவு: சுவைநோக்கு. ஒரு படைப்பிடம் இன்ன சுவை கிடைக்கும் என்று முன்கூட்டியே மனம் கொள்ளும் நிலை. எதிர்நோக்குதல் என்னும்போது வரும் "நோக்கு" அது. கிளைச்சொற்களும் எளிதாக வரும்: கேட்ட சுவை வேறு, கிடைத்த சுவை வேறு என்றால் "நோக்குப் பிறழ்வு". படம் ஓடும்போதே பார்ப்பவர் தன்னைத் திருப்பிக்கொண்டால் "நோக்கு மாற்றம்".

ஜெர்மன் இலக்கியக் கோட்பாட்டாளர் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் 1960-களின் இறுதியில் இலக்கியத்துக்குச் சொன்னதை "எதிர்பார்ப்பின் தொடுவானம்" என்று தமிழாக்கலாமே என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். அது ஒரு காலத்து வாசகர் கூட்டம் முழுவதற்குமான பெரிய கருத்து. வெள்ளிக்கிழமை மாலை ஒரு ஆள் படத்துக்குக் கிளம்புவதைச் சொல்ல அது மிகப் பெரிய சட்டை. "முன்னிசைவு" என்பதையும் யோசித்தேன்; அனுமதி வாங்கும் பொருளில் போய் நிற்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு செய்தி. இங்கே புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது; 1922-இல் இங்கேதான் மறைந்தார். அவர் சனீஸ்வரன் வேடம் கட்டி ஆடிவிட்டு, விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனபோது, துணி துவைக்க வந்த ஒரு பெண் அந்தக் கோலத்தைக் கண்டு அதிர்ச்சியில் இறந்துபோனாள் என்று நாடக உலகில் வழிவழியாகச் சொல்கிறார்கள். இரவெல்லாம் அதே முகத்தை அவ்வளவு ஜனம் ரசித்துப் பார்த்தது. அவர்கள் சுவைநோக்கோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து

---

தம்பிக்கு,

வகை வேறு, அளவு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பக்கம் தெருக்கூத்தில் வேடக்காரன் சட்டென்று சபைக்கு வருவதில்லை. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனி தெரியும், கீழே சலங்கைக் கால் தெரியும், உள்ளேயிருந்து திரைவிருத்தம், அதாவது திரைக்குப் பின்னால் பாடும் அறிமுகப் பாட்டு, வரும். வரப்போவது துச்சாதனன் என்று, வேடங்களை அறிமுகம் செய்யும் கட்டியங்காரன் கேட்டு வாங்கிச் சொல்லிவிடுவான். அந்தத் திரை செய்கிற வேலைதான் நீங்கள் சொல்லும் சுவைநோக்கு என்றால், சொல் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் இரண்டு சங்கடம். "நோக்கு" என்பதற்கு ஏற்கெனவே பார்வை, நோக்கம், கண்ணோட்டம் என்று பல சுமை. தொல்காப்பியச் செய்யுளியலிலும் "நோக்கு" தனிக் கலைச்சொல். அப்புறம், என் சொல்லை முழுவதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். "படம் மொக்கை" என்று ஊரே சொன்ன பிறகு போய்ப் பார்த்து, "அவ்வளவு மோசமில்லையே" என்று திரும்பி வருகிறோமே, அங்கே வேலை செய்வது அளவுதான். எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் உள்ள இடைவெளியிலிருந்துதான் திருப்தி பிறக்கிறது என்று ரிச்சர்ட் ஆலிவர் 1980-இல் நுகர்வோரை வைத்து எழுதினார். அதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டுமே.

கடலூர் முதுநகரிலிருந்து

---

ஐயா,

இரண்டாவதை அப்படியே ஏற்கிறேன். எதிர்பார்ப்புத் தாழ்வு அளவுக்கு, சுவைநோக்கு வகைக்கு. இரண்டையும் தனித்தனிப் பதிவாக வைப்போம். முதல் சங்கடத்துக்கு என் பதில்: "நோக்கு" தனியாக வந்தால்தான் குழப்பம், முன்னால் சுவை நிற்கும்போது பொருள் வழுக்காது. கிளைச்சொற்களில் மட்டும் சுருக்காமல் "சுவைநோக்குப் பிறழ்வு" என்று முழுதாகவே எழுதுவோம். கொஞ்சம் நீளம், பரவாயில்லை.

இணைய அகராதியான விக்சனரிக்கான வரைவு:

சுவைநோக்கு (பெயர்ச்சொல்): ஒரு படைப்பை அணுகுமுன், அதிலிருந்து இன்ன சுவை கிடைக்கும் என்று மனம் கொள்ளும் எதிர்பார்ப்பின் வகை. எ-டு: "டிரெய்லரில் சண்டையை மட்டுமே காட்டியதால், சோகப் படத்துக்குத் தவறான சுவைநோக்கோடு கூட்டம் வந்தது."

திரைவிருத்தம் பற்றி நீங்கள் எழுதியதை இன்னொரு எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாமா? உங்கள் சொற்களிலேயே ஒரு வரி அனுப்பினால் நல்லது. குழுவில் வேறு யாருக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் திங்களன்று ஏற்றிவிடுகிறேன்.