சாலையில் போகும் கார் எந்த மாடல் என்று அடையாளம் காண முடியவில்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் வணக்கம். சாலையில் போகும் கார்களில் எது எந்த மாடல் என்று என்னால் பிரித்தறிய முடிவதில்லை. டிக்கியில் ஒட்டியிருக்கும் பெயரைப் படிக்கும் தூரத்தில் இருந்தால் தெரிகிறது. சற்று விலகிவிட்டால் எல்லாம் ஒரே வார்ப்பில் வார்த்தவை போலவே தோன்றுகின்றன. என் நண்பர்களோ வண்டி எதிரே தொலைவில் வரும்போதே பெயரைச் சொல்வதோடு, அது புதிய வடிவமா பழைய வடிவமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். கண் மருத்துவரிடம் காட்டிவிட்டேன். பார்வையில் குறை ஏதும் இல்லை.

வெறும் ஆர்வத்தால் மட்டும் இதைக் கேட்கவில்லை. கண்ணெதிரே ஒரு விபத்து நடந்து, இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால், 'வெள்ளை நிறக் கார்' என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியாத சாட்சியாக நிற்க நான் விரும்பவில்லை.

இதுவரை லோகோக்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். நிறுவனங்களின் விளம்பரப் படங்களில் முகப்பைப் பார்த்துப் பழகியிருக்கிறேன். லோகோ தெரிந்தால் நிறுவனம் தெரிகிறதே தவிர மாடல் தெரிவதில்லை. ஒரே நிறுவனத்தின் சிறிய காரையும் பெரிய காரையும் பிரிப்பது, பின்னாலிருந்து பார்த்துச் சொல்வது, இரவில் சொல்வது ஆகிய மூன்றும்தான் எனக்குப் பெரும் சிக்கலாக இருக்கின்றன. எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பட்டறைக்காரர்:

நண்பருக்கு வணக்கம். கார்களின் தகடு வேலையில் பல காலமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் பழகியிருப்பது காரின் அடிக்கடி மாறும் பகுதியை. அதனால்தான் பழகியும் பயன் கிடைக்கவில்லை.

ஒரு மாடல் சந்தைக்கு வந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆனதும், விற்பனை தளராமல் இருப்பதற்காக நிறுவனங்கள் அதற்கு ஃபேஸ்லிஃப்ட் செய்கின்றன. அப்போது கிரில் (முகப்பின் நடுவிலுள்ள வலைச்சட்டம்), பம்பர், முகப்பு விளக்கு, பின்விளக்கின் உள்ளமைப்பு ஆகியவை மாறும். கதவுகளும் கூரையும் பக்கவாட்டு ஜன்னல் கண்ணாடிகளும் பெரும்பாலும் தொடப்படுவதில்லை. ஏனென்றால் அந்தத் தகடுகளை அழுத்தி எடுக்கும் அச்சுகளுக்கு ஆகும் செலவு மிக அதிகம், கதவின் வடிவத்தை மாற்றினால் அதைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். ஆகவே முழுத் தலைமுறை மாறும்வரை மாறாமல் நிற்பது பக்கவாட்டுத் தோற்றம்தான். ஜன்னல்களின் மேல்கோடும் கீழ்கோடும் எப்படி ஓடுகின்றன, பின்கதவைத் தாண்டி மூன்றாவதாகச் சிறிய கண்ணாடி ஒன்று இருக்கிறதா, கடைசித் தூண் தடித்திருக்கிறதா மெலிந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பேச்சில் அந்தத் தூணை சி-பில்லர் என்போம்.

பிஎம்டபிள்யூ கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் இருக்கும் இரட்டைக் கிரில் 1933-இல் வந்த 303 மாடலிலிருந்தே தொடர்கிறது என்றாலும், அதன் அளவும் உருவமும் காலந்தோறும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அதே நிறுவனத்தின் பெரும்பாலான கார்களில், பின்பக்க ஜன்னலின் கடைசி விளிம்பு கீழே இறங்குமிடத்தில் முன்னோக்கி ஒரு சிறு மடிப்பு மடியும். 1961-இல் வந்த கார்களில் தொடங்கிய இதற்கு, அப்போது வடிவமைப்புக்குத் தலைமை தாங்கிய வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டரின் பெயரே வழங்குகிறது. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் அடையாளம், பின்கதவுக்குப் பின்னால் அகன்று நிற்கும் அந்தத் தூண். வால்வோவின் எஸ்யூவிகளிலும், கூரை பின்கோடிவரை நீளும் எஸ்டேட் கார்களிலும் பின்விளக்கு, பின்கண்ணாடியின் ஓரமாகவே மேலே ஏறிப் போகும். இவற்றைப் பார்ப்பதற்கு லோகோ தேவையில்லை.

லோகோவைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். ஹோண்டாவின் H எழுத்து நேராக நிற்கும். ஹூண்டாயின் H எழுத்து நீள்வட்டத்துக்குள் சாய்ந்திருக்கும். தொடக்கத்தில் பலரும் தடுமாறும் இடம் இது.

வழிப்போக்கர்:

கைப்பேசியில் படம் எடுத்தால் மாடலைச் சொல்லும் செயலிகள் இருக்கின்றனவே, அவற்றை ஏன் பயன்படுத்தக் கூடாது?

பட்டறைக்காரர்:

நிறுத்தி வைத்திருக்கும் வண்டிக்குப் பயன்படுத்தலாம், சொன்ன விடையைச் சரிபார்க்கவும் உதவும். ஓடும் வண்டியைப் படமெடுக்க முயல்வது, அதிலும் ஓட்டிக்கொண்டே முயல்வது, உயிருக்கு ஆபத்து. இந்தப் பயிற்சி முழுவதையுமே பக்கத்து இருக்கையில் இருக்கும்போதோ வண்டிகள் நிறுத்துமிடத்திலோதான் செய்ய வேண்டும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. ஜன்னல் கோட்டைப் பார்க்கத் தொடங்கியதிலிருந்து, பார்வைக்கு ஒரு பிடி கிடைத்தது போல இருக்கிறது. ஆனால் உடனே ஒரு குழப்பமும் வந்துவிட்டது. பக்கவாட்டில் ஒரு கோடுகூட மாறாமல் இருந்த இரண்டு விளையாட்டுக் கார்களில் ஒன்றில் டொயோட்டா லோகோவும் மற்றொன்றில் சுபாரு லோகோவும் இருந்தன. நீங்கள் சொன்ன விதி இங்கே எப்படிப் பொருந்தும்?

பட்டறைக்காரர்:

நல்ல கேள்வி. விதி தலைகீழாகும் இடம் அது. நீங்கள் பார்த்தவை டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் என்னும் இரட்டையர்கள். இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கி 2012-இல் சந்தைக்குக் கொண்டுவந்தவை. இப்படிப் பகிர்ந்துகொள்ளும்போது செலவு பிடிக்கும் தகடுகள் பொதுவாகிவிடுகின்றன; பம்பரும் கிரில்லும் விளக்குமே வேறுபாட்டைக் காட்டும் வேலையைச் செய்கின்றன. அதாவது, ஒரு மாடலின் பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் ஒன்றாக இணைத்துப் பார்க்கக் கதவையும் ஜன்னலையும் பாருங்கள். இரட்டையரைப் பிரிக்க முகப்பையும் விளக்கையும் பாருங்கள்.

அடித்தளத்தை மட்டும் பகிரும் கார்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2012-இல் கொண்டுவந்த எம்கியூபி தளத்தில் கோல்ஃப், ஆடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியா, சியாட் லியோன் ஆகிய அனைத்தும் உருவாயின. அதில் மாறாதது முன்சக்கரத்தின் மையத்துக்கும் பெடல்களுக்கும் இடையிலான தூரம் போன்ற சில அளவுகளே. வெளித்தகடு ஒவ்வொன்றுக்கும் தனி. அவற்றுக்கிடையே ஒரு குடும்பச் சாயல் தெரிந்தாலும், சி-பில்லரைப் பார்த்தால் பிரித்துவிடலாம்.

இரவுப் பயணி:

இரவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். இரவு நேரத்தில்தான் எனக்கு அடையாளம் காண்பது எளிதாக இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய வகைக் கார்களுக்குப் பகல்நேர விளக்கு கட்டாயமானது. எல்இடி விளக்குகளை எந்த உருவத்திலும் வளைத்து வைக்க முடிந்ததால், நிறுவனங்கள் தங்கள் கையெழுத்தையே விளக்கில் போடத் தொடங்கின. 2014-இல் அறிமுகமான வால்வோ எக்ஸ்சி90 மாடலின் முகப்பு விளக்கில் படுத்த சுத்தியல் போன்ற உருவம் தெரியும். மினியின் பின்விளக்கில் 2018 முதல் பிரிட்டன் கொடியின் கோடுகள் இருக்கின்றன. பெஜோவின் பின்விளக்கில் நகம் கீறியது போல மூன்று கோடுகள் ஒளிரும்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். எதிரே வரும் வண்டியில் முகப்பு விளக்கு எரியும்போது அதன் கூச்சத்தில் பகல்நேர விளக்கின் உருவம் மங்கிவிடும். ஆகவே பகலில் முன்புறத்தையும் இரவில் பின்புறத்தையும் நம்புங்கள். இரவில் நிறத்தை அறவே நம்பாதீர்கள். மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் சிவப்பும் நீலமும் கறுப்பாகவோ பழுப்பாகவோ தோன்றும். சாட்சி சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் இதைக் கற்கிறீர்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கண்ணும் கருத்தும்:

இந்தத் திறமை பிறவியிலேயே வருவது என்று கேள்வி கேட்டவர் மனம் தளர்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு செய்தி. இசபெல் கோத்தியேயும் உடன் ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கார்களை நன்கறிந்தவர்கள் கார்ப் படங்களைப் பார்க்கும்போதும் பறவைகளை நன்கறிந்தவர்கள் பறவைப் படங்களைப் பார்க்கும்போதும், முகங்களை அடையாளம் காண்பதில் பங்குபெறும் மூளைப்பகுதி கூடுதலாகச் செயல்பட்டது. அதற்கு என்ன காரணம் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் கார்களை நன்கறிந்தவர் பாகம் பாகமாகக் கூட்டிப் பார்க்காமல், தெரிந்தவர் முகத்தைப் போல ஒரே பார்வையில் அறிகிறார் என்பது பழகியவர்கள் அனைவரும் சொல்வதுதான். அந்த நிலை, பாகம் பாகமாகப் பார்த்த பிறகுதான் வரும்.

பயிற்சி முறையில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. ஒரே மாடலின் படங்களைத் தொடர்ந்து பார்ப்பது நேரத்தை வீணாக்குவது. நீங்கள் குழம்பும் இரண்டு கார்களை அருகருகே வைத்து, இதில் இருந்து அதில் இல்லாதது எது என்று கேளுங்கள். சாலையில் முதலில் பெயரைச் சொல்லிவிட்டு, பிறகு அருகில் போனதும் டிக்கியில் உள்ள எழுத்தைப் படித்துச் சரிபாருங்கள். எழுத்தை முதலில் படித்துவிட்டால் கண் அதற்குமேல் உழைப்பதில்லை.

சாட்சி சொல்வது பற்றியும் ஒன்று. மாடல் உறுதியாகத் தெரியாதபோது ஊகித்துச் சொன்னால், தேடுபவர்கள் வேறு வண்டியைத் தேடிப் போவார்கள். டிக்கி தனியாக நீண்டிருக்கும் செடானா, டிக்கி தனியாக நீளாத ஹேட்ச்பேக்கா, எஸ்யூவியா என்பது, நம்பர் பிளேட்டில் நினைவில் நின்ற எழுத்துகள், உடைந்த விளக்கு, நசுங்கிய பக்கம், கூரையில் கம்பிகள் இருந்தனவா என்பது, போன திசை ஆகிய இவற்றில் கண்ணால் கண்டதை மட்டும் சொன்னாலே பேருதவி.

கேள்வி கேட்டவர்:

எல்லோரும் இத்தனை அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. பெயரை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு படிக்கும் முறையைக் கடைப்பிடிக்கிறேன். அடிக்கடி காணும் கார்களில் பலவற்றைப் பின்னாலிருந்தே சொல்ல முடிகிறது. இன்னும் ஓர் இணை மட்டும் பிடிபடவில்லை: டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய். உயரத்தில் வேறுபாடு என்கிறார்கள். தனியாகப் போகும் வண்டியில் உயரத்தை எதோடு ஒப்பிடுவது?

பட்டறைக்காரர்:

உயரத்தை விட்டுவிடுங்கள், தனியே போகும் காரின் உயரத்தைக் கண் சரியாக அளக்காது. எது திறக்கிறது என்று பாருங்கள். 2017-இல் வந்த மாடல் 3 ஒரு செடான். பின்கண்ணாடிக்குக் கீழே குட்டையான டிக்கி மூடி மட்டுமே திறக்கும், அந்த மூடியின் இடைவெளிக் கோடு கண்ணாடியோடு நின்றுவிடும். 2020-இல் வந்த மாடல் ஒய், கண்ணாடியோடு சேர்ந்து முழுப் பின்பக்கமும் மேலே திறக்கும் ஹேட்ச்பேக். ஆகவே இடைவெளிக் கோடு கண்ணாடியைச் சுற்றிக் கூரைவரை போகும், கண்ணாடிக்கு அடியில் சிறிய உதடு போன்ற ஸ்பாய்லர் ஒன்றும் துருத்தி நிற்கும்.

விளக்கில் இன்னொரு குறிப்பு. இரண்டின் முதல் வடிவங்களிலும் பின்விளக்கை அந்த இடைவெளிக் கோடு வெட்டிப்போகும். விளக்கின் ஒரு பாதி உடல் தகட்டிலும் மறுபாதி மூடியிலும் இருக்கும். 2023-இல் திருத்தி வெளியிட்ட மாடல் 3-இல் விளக்கு முழுவதும் மூடியிலேயே வந்துவிட்டது, நடுவில் லோகோவுக்குப் பதிலாக நிறுவனத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும். 2025-இல் திருத்தி வெளியிட்ட மாடல் ஒய் என்றால், பெரும்பாலும் பின்பக்க ஒளிக்கோடு வண்டியின் முழு அகலத்துக்கும் ஓடும். அடுத்த முறை இவற்றில் ஒன்று நிறுத்தியிருக்கக் கண்டால், பின்னால் சற்று நின்று அந்த இடைவெளிக் கோட்டை விளக்கிலிருந்து கூரைவரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். அதற்குப் பிறகும் குழப்பம் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.