பவர்பாயின்ட் போட்டோ ஷோ: பாட்டு முடிந்த பிறகும் பத்துப் படம் மிச்சம் நிற்கிறது, ஏன்?

கேள்வி: மணிவிழா_ஆல்பம்

வணக்கம். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபத்தில் ஓட்ட ஒரு போட்டோ ஷோ தயார் செய்கிறேன். பவர்பாயின்ட் 2019. 'போட்டோ ஆல்பம்' வழியாக 70 படங்கள், ஸ்லைடுக்கு ஒன்று. ஒரே பாட்டு, நீளம் 4 நிமிடம் 40 நொடி. 280 நொடியை 70-ஆல் வகுத்து, 'டிரான்சிஷன்ஸ்' தாவலில் 'ஆஃப்டர்' பெட்டியில் 4.00 போட்டு, 'ஃபேட்' கொடுத்து, 'அப்ளை டு ஆல்' அழுத்தியாயிற்று. பாட்டை முதல் ஸ்லைடில் வைத்து 'பிளே இன் பேக்ரவுண்ட்' கொடுத்திருக்கிறேன்.

ஓட்டினால் பாட்டு முடியும்போது பத்து, பதினொரு படம் பாக்கி. போதாததற்குப் பாட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கணக்கு எங்கே இடிக்கிறது?

இன்னொன்று. பல்லவி எடுக்கும் இடத்தில் அவர்களுடைய பழைய கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படம் சரியாக வந்து விழவேண்டும். கண்ணால் பார்த்து நேரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் முன்னால் ஒன்றைச் சரிசெய்ய, பின்னால் எல்லாம் நகர்ந்துவிடுகிறது. இதற்கு ஒழுங்கான முறை இருக்கிறதா?

மண்டபத்தில் 12×8 அடி எல்இடி வால் (சுவர் மாதிரி பெரிய திரை). லேப்டாப்பிலிருந்து ஓட்டுவதா, பென்டிரைவில் வீடியோவாகக் கொடுப்பதா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: ஓரச்சட்டம்

கணக்கு இடிக்கும் இடம் 'ஃபேட்'. பவர்பாயின்டில் ஒரு ஸ்லைடு திரையில் இருக்கும் மொத்த நேரம் = டிரான்சிஷனின் 'டியூரேஷன்' (முந்தைய படத்திலிருந்து இதற்கு மாற எடுக்கும் நேரம்) + 'ஆஃப்டர்' நேரம். படம் முழுசாக வந்து நின்ற பிறகுதான் 'ஆஃப்டர்' எண்ண ஆரம்பிக்கும். நீங்கள் கைவைக்காவிட்டால் 'ஃபேட்' 0.70 நொடி. ஆக ஒரு படத்துக்கு 4.00 இல்லை, 4.70. எழுபது படத்துக்கு 49 நொடி கூடுதல். 280-ஐ 4.70-ஆல் வகுத்தால் 59 சொச்சம். உங்கள் பதினொரு படம் அங்கேதான் நிற்கிறது.

அது போக, போட்டோ ஆல்பம் தானாகவே முதலில் ஒரு தலைப்பு ஸ்லைடு போடும். 70 படம் என்றால் 71 ஸ்லைடு. அதை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்று முதலில் தீர்மானியுங்கள். அழிப்பதாக இருந்தால் பாட்டை அதில் வைக்காதீர்கள், ஸ்லைடோடு பாட்டும் போய்விடும்.

பாட்டு மறுபடி ஆரம்பிப்பது 'பிளே இன் பேக்ரவுண்ட்' செய்கிற வேலை. அந்த ஒரு பொத்தான் நான்கு விஷயத்தை ஒன்றாக மாற்றும்: தானாகத் தொடங்கு, ஸ்லைடு மாறினாலும் தொடர்ந்து ஒலி, திரும்பத் திரும்ப ஓடு, ஐகானை மறை. 'பிளேபேக்' தாவலில் 'லூப் அன்டில் ஸ்டாப்டு' டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள். மற்ற மூன்றும் இருக்கட்டும்.

இன்னொரு நுணுக்கம். ஸ்லைடில் உள்ள அனிமேஷன், ஒலி எல்லாம் அந்த ஸ்லைடின் டிரான்சிஷன் முடிந்த பிறகுதான் தொடங்கும். முதல் ஸ்லைடுக்கும் ஃபேட் கொடுத்திருப்பதால் பாட்டே 0.70 நொடி தாமதமாகக் கிளம்புகிறது. முதல் ஸ்லைடுக்கு மட்டும் டிரான்சிஷன் 'நன்' என்று வையுங்கள். அப்போதுதான் பாட்டின் பூஜ்யமும் ஷோவின் பூஜ்யமும் ஒன்றாக இருக்கும். 'அனிமேஷன் பேன்' திறந்து பாட்டு பட்டியலில் முதலில் இருக்கிறதா, 'வித் ப்ரீவியஸ்', 'டிலே' 0 என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம் போதும் என்றால், 'ஆஃப்டர்' 3.30. வேலை முடிந்தது. ஆனால் எல்லாப் படமும் ஒரே கால அளவில் வருகிற ஷோ மூன்றாவது நிமிடத்தில் அலுத்துவிடும். நீங்களே இரண்டாவது கேள்வியில் அதைத் தாண்டி வந்துவிட்டீர்கள், நல்லது. அதற்கு இங்கே ஒலிப்பக்கம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

பதில்: மூன்றாம்_காலம்

ஒழுங்கான முறை இருக்கு. நேரத்தைப் பவர்பாயின்டில் தேடாதீங்க, பாட்டில் தேடுங்க.

ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டரில் பாட்டைத் திறந்து ஓடவிடுங்க. படம் மாறவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் கன்ட்ரோல் + எம் தட்டினால் அந்த இடத்தில் ஒரு லேபிள், அதாவது நேரக் குறி, விழும். கையால் தட்டுவதால் கொஞ்சம் முன்பின் இருக்கும். அப்புறம் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, மிருதங்கமோ டிரம்மோ கூர்மையாக எழும் இடத்துக்கு லேபிளை இழுத்து வைங்க. பல்லவி எடுக்கும் இடம், ஒவ்வொரு பிஜிஎம் (நடுவில் வரும் வாத்திய இசை) தொடங்கும் இடம், சரணம் எடுக்கும் இடம், இந்த ஆறேழு முனை கச்சிதமாக இருந்தால் நடுவில் உள்ளதை யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. பிறகு லேபிள்களை எக்ஸ்போர்ட் செய்தால் நொடிக்கணக்கோடு ஒரு எழுத்துக் கோப்பு கிடைக்கும். அதை எக்செல்லில் ஒட்டுங்க.

கணக்கு இப்படி. லேபிள்கள் 9.60, 13.42, 17.20 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஸ்லைடுக்கு டிரான்சிஷன் இல்லை, எனவே அதன் 'ஆஃப்டர்' 9.60. இரண்டாவது ஸ்லைடுக்கு 13.42 − 9.60 = 3.82, அதில் ஃபேட் 0.70 கழித்து 3.12. மூன்றாவதுக்கு 3.78 − 0.70 = 3.08. இப்படியே கீழே இழுத்துவிட்டால் எல்லா ஸ்லைடுக்கும் எண் வந்துவிடும். எண்களைக் கையால்தான் ஏற்றணும். மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு புரோகிராம்) எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் எக்செல்லில் உள்ள எண்களை அப்படியே ஸ்லைடுகளுக்கு ஏற்றிக் கொடுப்பார்.

ஃபேட் என்பது இரண்டு படம் கலந்து மாறுவது. தாளத்தில் ஃபேட் தொடங்கினால் புதுப் படம் கண்ணுக்குப் புலப்பட பாதி நேரம் ஆகிவிடும், அதனால் பின்தங்கின மாதிரி தெரியும். ஃபேட்டின் நடுப்புள்ளி தாளத்தில் விழணும், அதாவது 0.35 முன்னாடியே தொடங்கணும். எழுபது எண்ணையும் மாற்ற வேண்டாம். முதல் ஸ்லைடின் 9.60-ஐ மட்டும் 9.25 ஆக்குங்க, பின்னால் உள்ள ரயில் முழுக்க முன்னே நகரும்.

எல்லாப் பாட்டுக்கும் நேரடிக் கணக்குப் போட முடியாதா என்று கேட்பாங்க. கிளிக் டிராக் (ஒரே சீராகத் தட்டும் வழிகாட்டி ஒலி) வைத்துப் பதிவான புதுப் பாட்டென்றால் முடியும். நிமிடத்துக்கு 76 தட்டு என்றால் ஒரு தட்டு 0.789 நொடி, நாலு தட்டு 3.158. இதை 3.16 என்று போட்டால் எழுபது படத்துக்குப் பிறகும் 0.15 நொடிதான் வித்தியாசம். சோம்பல்பட்டு 3.2 என்று போட்டால் முடிவில் ஏறக்குறைய 3 நொடி ஓடிப்போயிருக்கும். ஆனால் அறுபதாம் கல்யாணத்துக்கு 1960, 70-களின் பாட்டைத்தான் போடுவாங்க. அதெல்லாம் வாத்தியக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து வாசித்தது, சரணத்தில் லேசாக இழுப்பும் பிஜிஎம்மில் லேசாகத் துரிதமும் இருக்கும். அங்கே வகுத்தல் உதவாது, லேபிள்தான்.

திஸ்ர நடையில் (மூன்று மூன்றாக எண்ணும் தாளத்தில்) உள்ள மெலடியாக இருந்தால் நாலு தட்டுக்கு ஒரு படம் என்று மாற்றாதீங்க. ஆறுக்கு ஒன்று, வேகம் வேணும் என்றால் மூன்றுக்கு ஒன்று. நாலு வைத்தால் ஒவ்வொரு படமும் தாளத்தின் வேறு வேறு இடத்தில் விழும், ஏதோ சரியில்லை என்று தெரியும், என்ன என்று பிடிபடாது.

பாட்டை எம்பி3-யாக இல்லாமல் ஆடாசிட்டியிலிருந்தே வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பாக எடுத்து ஸ்லைடில் வைங்க. 280 நொடி ஸ்டீரியோ 50 எம்பிக்குள் அடங்கும். நீங்க லேபிள் வைத்த அதே ஒலிதான் ஓடுகிறது என்ற நிச்சயம் இருக்கும்.

பதில்: ஸ்லைடு_சித்தர்

லேபிள் முறைக்கு ஒரு மாற்றும் உண்டு, பவர்பாயின்டுக்குள்ளேயே. ஒலி ஐகானைத் தேர்ந்து 'பிளேபேக்' தாவலில் 'ஆட் புக்மார்க்'. பிறகு படத்துக்கு ஃபேட் அனிமேஷன் கொடுத்து, 'டிரிகர்' என்பதில் 'ஆன் புக்மார்க்' தேர்ந்தால், பாட்டு அந்தப் புள்ளியைத் தொட்டதும் படம் வரும். பாட்டே படத்தைக் கூப்பிடுவதால் பிழை சேர்ந்துகொண்டே போவதில்லை. ஆனால் ஒலியும் படங்களும் ஒரே ஸ்லைடில் இருந்தால்தான் இது நடக்கும். அடுத்த ஸ்லைடில் உள்ள படத்தைக் கூப்பிட முடியாது. எழுபது படத்தை ஒரே ஸ்லைடில் அடுக்கினால் அடியில் உள்ள ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கவே 'செலக்ஷன் பேன்' இல்லாமல் முடியாது. பத்துப் பதினைந்து படம் உள்ள ஷோவுக்கு இதுவே சிறந்தது. உங்களுக்கு வேண்டாம்.

'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' போட்டு பாட்டோடு தட்டிக்கொண்டே போகலாம் என்று யாராவது சொல்வார்கள். தோராயமான வேகம் தெரிந்துகொள்ள அது போதும். ஒரு இடத்தில் விரல் தாமதித்தால் அந்த ஸ்லைடோடு நிற்காது, பின்னால் உள்ள எல்லாமே அவ்வளவு தள்ளிப்போகும்.

நேரம் போட்ட பிறகு படங்களை இடம் மாற்றும்போது கவனம். ஸ்லைடை இழுத்து நகர்த்தினால் அதன் நேரமும் கூடவே போகும், தாளம் கலைந்துவிடும். ஸ்லைடு இருந்த இடத்திலேயே இருக்கட்டும்; படத்தின் மேல் வலது கிளிக், 'சேஞ்ச் பிக்சர்'. விழாவுக்கு முதல் நாள் இரவு சித்தப்பா வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் நாலு படம் வரத்தான் செய்யும், அப்போது இது கைகொடுக்கும். புதுப் படத்தின் நீள அகலம் வேறென்றால் அளவை மட்டும் சரிபார்க்கவும்.

போன் படங்களை அப்படியே போடாதீர்கள். 4000×3000 படம் கோப்பில் 4 எம்பியாக இருந்தாலும் திரைக்கு விரியும்போது நினைவகத்தில் 48 எம்பி பிடிக்கும். பழைய லேப்டாப் அடுத்த படத்தை விரிப்பதற்குள் ஃபேட் திக்கும்; அப்படி ஒவ்வொரு ஸ்லைடிலும் சேரும் சிறு தாமதம் முடிவில் கணிசமாகிவிடும். உயரம் 1080 பிக்சலுக்குக் குறைத்த பிறகு ஆல்பத்தில் ஏற்றுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தைப் போனில் போட்டோ எடுக்காமல் ஸ்கேன் செய்யுங்கள்: 4×6 அங்குலப் பிரதிக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), அதாவது 1800×1200, போதும், பாஸ்போர்ட் அளவென்றால் 1200 டிபிஐ.

மணிவிழா_ஆல்பம்

மூவருக்கும் நன்றி. முதல் ஸ்லைடுக்கு 'நன்', லூப் நீக்கம், எக்செல் கணக்கு மூன்றும் போட்டு ஓட்டினேன். பல்லவிக்கு அந்தப் படம் சரியாக விழுகிறது. கடைசிச் சரணத்தில் மட்டும் அரை நொடி பின்தங்குகிறது. அம்மா இரண்டாவதாக ஒரு பாட்டும் வேண்டும் என்கிறார், இன்னும் 40 படம். அதை 71-வது ஸ்லைடில் வைத்தால் போதுமா?

பதில்: மூன்றாம்_காலம்

வைக்கலாம், ஆனால் வேண்டாம். முதல் பாட்டு எத்தனை ஸ்லைடுக்குப் பிறகு நிற்கணும் என்று அனிமேஷன் பேனில் 'எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்' போய்ச் சொல்லணும். எண்ணிக்கை தப்பினால் இரண்டு பாட்டும் ஒன்றாகக் கத்தும். ஆடாசிட்டியிலேயே இரண்டையும் ஒட்டி ஒரே கோப்பாக்குங்க. ஒட்டுவதற்கு முன்னால் இரண்டுக்கும் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' ஒரே எண்ணில் கொடுங்க, பழைய பாட்டு மெதுவாகவும் புதுப் பாட்டு காதைப் பிளந்தும் வராது. முதல் பாட்டின் கடைசி 3 நொடி தேய, இரண்டாவது எழட்டும். அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கறுப்பு ஸ்லைடு விட்டால் நன்றாக இருக்கும். லேபிள்களை மட்டும் ஒட்டின பிறகு வைங்க.

பதில்: ஓரச்சட்டம்

அந்த அரை நொடி கணினியின் தாமதம். நேரத்தில் கைவைக்காதீர்கள், இந்த லேப்டாப்புக்காகத் திருத்தினால் வேறொன்றில் முன்னால் ஓடும். 'ஃபைல்' > 'எக்ஸ்போர்ட்' > 'கிரியேட் எ வீடியோ', 'ஃபுல் எச்டி', 'யூஸ் ரெக்கார்டட் டைமிங்ஸ் அண்ட் நரேஷன்ஸ்'. நேரம் குறிக்காத ஸ்லைடு ஏதாவது இருந்தால் அது இயல்பாக 5 நொடி எடுத்துக்கொள்ளும், அதனால் ஒன்றும் விடுபடவில்லை என்று 'ஸ்லைடு சார்ட்டர்' பார்வையில் ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள நேரத்தைப் பாருங்கள். வீடியோவிலும் ஒலி துளி நகர்ந்திருந்தால் ஷாட்கட் மாதிரி இலவச எடிட்டரில் அந்த ஒலியை மௌனமாக்கி, அதே வேவ் கோப்பைப் பூஜ்யத்தில் வைத்து மறுபடி எடுத்தால் போதும்.

வால் 12×8 அடி என்றால் 3:2 விகிதம். உங்கள் ஸ்லைடு 16:9. ஆபரேட்டர் 1920×1080 சிக்னலை அப்படியே வாலின் அளவுக்கு நசுக்கினால் முகமெல்லாம் ஒடுங்கி நீளும். நடுவில் 1620×1080 மட்டும் வெட்டி எடுக்க முடியுமா என்று இப்போதே போனில் கேளுங்கள். முடியும் என்றால் 'டிசைன்' > 'ஸ்லைடு சைஸ்' > 'கஸ்டம்' போய் 15×10 அங்குலம், 'என்ஷூர் ஃபிட்'. பிறகு படங்களை ஒரு முறை புரட்டிப் பார்த்துப் பெரிதாக்க வேண்டியதைப் பெரிதாக்குங்கள். இதனால் நேரம் எதுவும் மாறாது.

பென்டிரைவில் எம்பி4 கொடுங்கள், ஆனால் அங்கே உள்ள கணினியின் டெஸ்க்டாப்பில் நகலெடுத்துத்தான் ஓட்டச் சொல்லுங்கள். எச்டிஎம்ஐ செருகினால் விண்டோஸ் பெரும்பாலும் ஒலியையும் அதற்கே அனுப்பிவிடும், மண்டபத்தில் சத்தமே வராது. ஒலி அமைப்பில் ஹெட்போன் வெளியீட்டைத் தேர்ந்து, 3.5 மிமீ ஒயரில் மைக் செட்காரரின் மிக்சருக்குக் கொடுங்கள். புளூடூத்தில் இணைக்க மட்டும் விடாதீர்கள். ஒலி பின்தங்கி வரும், லேபிள் வைத்துச் செய்த வேலை அத்தனையும் வீண்.

பதில்: ஸ்லைடு_சித்தர்

ஒயரைப் பற்றி ஒன்று. லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது சில மண்டபங்களில் மிக்சரில் 'ம்ம்' என்று இரைச்சல் வரும், எர்த் பிரச்சினை. ஷோ ஓடும் சில நிமிடத்துக்குச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் அநேகமாக நின்றுவிடும். பவர் அமைப்பில் திரை அணையாமலும் தூங்காமலும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்வரிசையையும் பாருங்கள்: கோப்புப் பெயர்கள் 1, 2, 10 என்று இருந்தால் ஆல்பத்தில் 1, 10, 2 என்று வந்து நிற்கலாம். புதிதாகச் சேர்க்கும் 40 படத்துக்கும் 071, 072 என்று மூன்று இலக்கத்தில் பெயர் கொடுத்துவிட்டு ஏற்றுங்கள்.