திருவல்லிக்கேணியில் குடியிருப்பது எப்படி இருக்கும்? (அனுபவப் பகிர்வு)

பெரிய தெரு, மேன்ஷன்வாசி

படிப்பு முடித்து வேலை தேடி வரும் தென்மாவட்டப் பையன்கள் பலருக்குச் சென்னையில் முதல் முகவரி திருவல்லிக்கேணி மேன்ஷன்தான், அதாவது ஆண்கள் வாடகைக்குத் தங்கும் விடுதி. எனக்கும் அப்படித்தான். சின்ன அறை, இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, முன்னால் இருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணிகள். குளியலறை மாடிக்கு ஒன்று. காலையில் அதன் வாசலில் பக்கெட்டுகள் வரிசையாக நிற்கும். ஆள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாலும் பக்கெட் நின்றால் அது அவர் முறை. அதை யாரும் நகர்த்தி நான் பார்த்ததில்லை.

எங்கள் மேன்ஷன் அறையில் சமைக்க விடமாட்டார்கள். சாப்பாடு முழுக்க வெளியேதான். ரத்னா கபேயில் சாம்பாரை ஜக்கில் கொண்டுவந்து இட்லி முழுகும்வரை ஊற்றுவார்கள். கையில் காசு இருந்தால் நாயர் மெஸ்ஸில் மீன். இல்லாத மாதங்களில் எங்கள் சந்து மெஸ்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு சாப்பாடு போட்டார். “வேலை கிடைச்சதும் குடு தம்பி” என்பார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். முதல் சம்பளத்தில் அந்தக் கணக்கைத்தான் தீர்த்தேன்.

சாயங்காலம் அறையில் இருக்க முடியாது, அவ்வளவு வெக்கை. பாரதி சாலையில் பழைய புத்தகக் கடைகளைப் பார்த்தபடி நடந்தால் நேரே மெரினா. போட்டித் தேர்வுக்கான புத்தகங்களில் பாதி அந்த நடைபாதையில் வாங்கியவைதான். அப்புறம் எங்கள் மாடியில் ஒரு அயர்ன் பாக்ஸ் இருந்தது. யாருக்கு இன்டர்வியூவோ அன்று அது அவர் அறையில் இருக்கும். யார் வாங்கியது என்று ஒருவருக்கும் தெரியாது.

துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு, கல்யாணமாகி வந்தவள்

பாரதியார் கடைசியாகக் குடியிருந்த வீடு எங்கள் தெருவில்தான் இருக்கிறது, இப்போது நினைவு இல்லம். அதைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள்.

பக்கத்துப் பார்த்தசாரதி கோயிலில் சித்திரையில் பார்த்தசாரதிக்கும் ஆனியில் அழகியசிங்கருக்கும் (நரசிம்மர்) பிரம்மோற்சவம். சுவாமி புறப்பாடு என்றால் முன்கூட்டியே “வண்டியை எடுங்கோ” என்று குரல் வந்துவிடும். முன்னால் பிரபந்தம் ஓதும் கோஷ்டி, பின்னால் வேதம் ஓதும் கோஷ்டி. கேபிள் வயர் தாழ்வாகத் தொங்குவதால், குடை இடிக்காமல் இருக்க ஒருவர் நீளக் கம்பால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். மாமியார் எந்தச் சமையலில் இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்துவிடுவார். பார்த்தசாரதி உற்சவர் திருமுகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட வடுக்கள் உண்டு. என் மகள் அதைக் கேட்டுவிட்டு, “பெருமாளுக்கு யாரு மருந்து போட்டா?” என்றாள். மாமியார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். சில சந்துகளில் ஆம்புலன்ஸ் நுழையாது. ஓரகத்திக்கு இடுப்புவலி வந்தபோது பக்கத்து வீட்டுப் பையன்கள் அவளை நாற்காலியோடு முனைவரை தூக்கிப்போய் ஆட்டோவில் ஏற்றினார்கள். கோஷா ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால் பயம் கொஞ்சம் குறைந்தது. இப்போது அதற்குக் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர், ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஜாம்பஜார் பக்கம், பிறந்ததிலிருந்து

நோன்பு மாதத்தைச் சொல்லாமல் எங்கள் பேட்டையைச் சொல்ல முடியாது. 1795இல் கட்டப்பட்ட வாலாஜா பெரிய பள்ளிவாசலில், நோன்பு திறப்பவர்களுக்கு மயிலாப்பூர் சூஃபிதார் கோயிலைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் பல பத்தாண்டுகளாகச் சாப்பாடு சமைத்துக் கொண்டுவருகிறார்கள். அவர்களே தலையில் தொப்பி வைத்துக்கொண்டு பரிமாறவும் செய்கிறார்கள். சின்ன வயதில், வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தட்டு வரத் தாமதமாயிற்று. பரிமாறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, பாங்கு சொல்வதற்குள் ஓடிவந்து தட்டை வைத்து, “நேரமாயிடுச்சா பேட்டா?” என்று கேட்டார். இன்று என் மகனையும் அதே வரிசையில் உட்கார வைக்கிறேன். எனக்கு இந்த ஊர் பிடித்திருப்பதற்கு இது ஒன்றே போதும்.

வாலாஜா சாலை, வாடகை வீடு

சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் வண்டியை வெளியே எடுக்கவே வேண்டாம், நடந்துவிடுங்கள். விக்கெட் விழுந்தால் டிவியில் காட்டுவதற்கு முன்பே மொட்டை மாடியில் சத்தம் கேட்டுவிடும். பிள்ளைகளுக்கு அது பெரிய கொண்டாட்டம்.

குடும்பத்தோடு வீடு பார்க்கிறவர்களுக்கு: பகலில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு தடவை போய்த் தெருவைப் பாருங்கள். பைக் நிறுத்த எவ்வளவு இடம் மிஞ்சும் என்பது அப்போதுதான் தெரியும். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதை வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல், மேல்மாடியில் குடியிருக்கும் அக்காவிடமும் கேளுங்கள்.