காப்பர் லைனை விட்டு ஃபைபர் போனுக்கு மாறலாமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பட்டுக்கோட்டையிலிருந்து:

அப்பா, அம்மா இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. வீட்டில் லேண்ட்லைன் இருந்தே தீர வேண்டும் என்பார்கள். பென்ஷன் விஷயம், கேஸ் புக்கிங், சொந்தபந்தம் என்று எல்லோரிடமும் இருப்பது அந்த நம்பர்தான். காப்பர் லைனோ நாலு தூறல் விழுந்தாலே கரகரவென்று இரையும். தெருமுனைப் பெட்டியில் தண்ணீர் இறங்கிவிட்டால் லைன்மேன் வரும்வரை டயல் டோனே கிடையாது. ஃபைபருக்கு மாறுங்கள், அதே நம்பரே இருக்கும் என்றார்கள்.

எனக்கு இருந்த ஒரே யோசனை கரண்ட்தான். காப்பர் லைனில் போனுக்கு வேண்டிய மின்சாரம் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து, 48 வோல்ட், அதே கம்பியிலேயே வந்துவிடும். வீடு இருட்டாக இருந்தாலும் போன் பேசும். ஃபைபர் கண்ணாடி இழை. அதில் வெளிச்சம் போகும், மின்சாரம் போகாது. ஃபைபரையும் போனையும் இணைக்கச் சுவரில் மாட்டும் பெட்டிக்கு நம் வீட்டு பிளக்கிலிருந்துதான் கரண்ட் தர வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, மொபைல் டவர்களும் படுத்துவிட்டன. அதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது கார்ட்லெஸ் போன் என்றால், காப்பர் லைன் இருந்தும் கரண்ட் போனால் அது பேசாது. அதன் ஸ்டாண்டுக்கே கரண்ட் வேண்டும். எக்ஸ்சேஞ்ச் மின்சாரத்தின் பலன் வயர் வைத்த பழைய போனுக்கு மட்டும்தான். இதை யோசித்துப் பார்த்த பிறகுதான் மாறலாம் என்று முடிவெடுத்தேன்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுக்கும் அந்த ஒரு கணத்தில் பெட்டி அணைந்துவிடும். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, போன் விளக்கு நிலையாக நிற்கச் சில நிமிடம் ஆகிறது. பேசிக்கொண்டிருந்த கால் அறுந்துபோகும். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றை, அதாவது கரண்ட் போன கணமே எடுத்துக்கொள்ளும் சின்ன பேட்டரியை, பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. வாங்கும்போது பெட்டியின் அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, நம் பெட்டி உயிரோடு இருந்தால் மட்டும் போதாது. ஊரில் ஃபைபர் கொடுக்கும் ஆபரேட்டரின் அறையிலும் ஒரு இயந்திரம் ஓடுகிறது. அங்கே பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், ஜெனரேட்டர் உண்டா என்று நேரில் போய்க் கேட்டேன். பேட்டரி அடுக்கைக் காட்டினார். காட்டத் தயங்குகிறார் என்றால் நான் மாறியிருக்கவே மாட்டேன்.

இப்போது மழையில் இரைச்சல் இல்லை. இடி இடிக்கும்போது போன் வயர் வழியாக மோடம் எரிவதும் நின்றது. அம்மா பழைய வயர் போனையே பெட்டியின் பின்னால் செருகிப் பேசுகிறார்.

லண்டன் ஹாரோவிலிருந்து:

தம்பி சொன்ன கரண்ட் விஷயம் இங்கே உயிர்ப் பிரச்சினை. பிரிட்டனில் பழைய லைன்களை 2025 டிசம்பரோடு நிறுத்துவதாக இருந்து, பிறகு 2027 ஜனவரிக்குத் தள்ளிவிட்டார்கள். வயதானவர்கள் அழுத்தி உதவி கேட்கக் கழுத்தில் தொங்கவிடும் அவசர பட்டன் பலர் வீட்டில் லேண்ட்லைனோடுதான் வேலை செய்கிறது. லைன் மாறிய பிறகு அந்த பட்டன் வேலை செய்யாமல் போன பாரதூரமான சம்பவங்கள் நடந்து, 2023 டிசம்பரில் கட்டாய மாற்றத்தையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது.

என் மாமியாரிடமும் அந்த பட்டன் இருக்கிறது. போன் கம்பனி திகதி குறித்தவுடன் பட்டன் கம்பனிக்கு நானே எடுத்துக் கதைத்தேன். லைன் மாறிய அன்றைக்கே மாமியை பட்டனை அழுத்தச் சொன்னேன். மறுமுனையில் குரல் கேட்ட பிறகுதான் வேலைக்குப் போனேன். கரண்ட் நின்றாலும் குறைந்தது ஒரு மணித்தியாலம் அவசர அழைப்பு எடுக்க வழி இருக்க வேண்டும் என்று இங்கே போன் கம்பனிகளைக் கண்காணிக்கும் அமைப்பான ஒஃப்கொம் சொல்கிறது. லேண்ட்லைனையே நம்பி இருப்பவர்களுக்குக் கம்பனி அதைச் செய்து தர வேண்டும். கேட்டால்தான் தருகிறார்கள், ஆகவே கேளுங்கள். எங்களுக்கு ஒரு பேட்டரிப் பெட்டி வந்தது.

வேறு கம்பனிக்கு நம்பரோடு மாறுபவர்கள் பழைய லைனை முதலில் வெட்டச் சொல்லாதீர்கள். நம்பரே போய்விடும்.

கோத்தகிரியிலிருந்து:

நான் மாறவில்லை. எங்கள் தோட்டத்து வீட்டில் மொபைல் சிக்னல் கிடையாது. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஃபைபரும் அதே மரங்களின் மேல்தான் தொங்கி வருகிறது. காப்பர் அறுந்தால் லைன்மேன் கையாலேயே முறுக்கிச் சேர்த்துவிடுவார். ஃபைபர் அறுந்தால் ஒட்டுகிற மெஷின் கீழே இருந்து வர வேண்டும். வாட்ஸ்அப் இருக்கிறதே என்கிறார்கள், அதில் 108 கூப்பிட முடியாதே! இரவில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் எங்களுக்கு இருப்பது இந்த ஒரு லைன்தான். இரைச்சலோடு இருந்தாலும் இருக்கட்டும்.

காப்பரை ஒருநாள் எடுத்துவிடுவார்கள் என்று தெரியும், அதனால்தான் இதையெல்லாம் படிக்கிறேன். பட்டுக்கோட்டை நண்பரே, அந்த மினி யுபிஎஸ் ஒரு முழு ராத்திரி தாங்குமா? ஹாரோ அக்கா, உங்கள் பேட்டரிப் பெட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றதா?