குடும்பக் கெரிஸ்: சுத்தம் செய்த பிறகும் அடியில் துரு திரும்புகிறது, உதவி தேவை

பினாங்குப் பேத்தி எழுதியது:

அனைவருக்கும் சலாமும் வணக்கமும். என் தாய்வழிக் கொள்ளுப்பாட்டனார் திரெங்கானு மலாய்க்காரர். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பெண் எடுத்தவர். அவருடைய கெரிஸ் என்னும் மலாய்க் குத்துவாள் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. ஏழு வளைவுகள் கொண்ட அலகு, மரப்பிடி, பிடியின் கீழே பித்தளைக் கிண்ணம், மர உறை. கடலோர வீட்டின் அலமாரியில் உறைக்குள்ளேயே பல ஆண்டுகள் கிடந்ததால், வெளியே எடுத்தபோது அலகு முழுவதும் செம்மண் பூசியது போல் இருந்தது.

மாமா சொன்னபடி, முற்றிய தேங்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, எலுமிச்சையால் தேய்த்துக் கழுவித் துடைத்தேன். கருமையான இரும்பும் அதன்மேல் வெளிறிய கோடுகளும் தெரிந்தன. ஆனால் அலகு அகன்று பிடியோடு சேரும் இடத்தில், குறுக்காக ஓடும் கோட்டிலிருந்து ஆரஞ்சு நிறம் மறுபடி மறுபடி கசிகிறது. துடைத்தாலும் சில நாட்களில் வந்துவிடுகிறது. பிடியும் சற்று ஆடுகிறது.

கத்தி சாணை பிடிக்கும் ஒருவர், எந்திரத்தில் கொடுத்தால் புதிது போல் பளபளக்கும் என்கிறார். கொடுக்கலாமா? வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயைப் பூசினால் போதுமா?

இரும்புக்கடைத் தம்பி எழுதியது:

அக்கா, டபிள்யூடி-40 அடித்து, கம்பித் தூரிகையால் நன்றாகத் தேயுங்கள். எங்கள் கடையில் பழைய கருவிகளுக்கு அப்படித்தான் செய்கிறோம், துரு போய்விடும்.

கோத்தபாரு வாசகர் எழுதியது:

தம்பி, மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் அது சரி. கெரிஸுக்கு வேண்டாம். அக்கா பார்த்த வெளிறிய கோடுகள்தான் பாமோர். வெவ்வேறு இரும்புகளை, பல அலகுகளில் நிக்கல் கலந்ததையும் சேர்த்து, அடுக்கி மடித்து அடித்து இணைப்பதால் வரும் வடிவம் அது. கம்பித் தூரிகை அதன்மேல் கீறல் போடும். சாணை எந்திரம் இன்னும் மோசம். அலகு ஏற்கெனவே மெலிந்திருக்கும். எந்திரம் மேல் அடுக்கைத் தின்றுவிட்டால் கொல்லர் போட்ட வடிவம் மீளாது. சாணைக்காரரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள், சகோதரி. கெரிஸ் பளபளக்க வேண்டிய பொருளே அல்ல.

இப்போது கசிவுக்கு வருகிறேன். நீங்கள் சொல்லும் குறுக்குக் கோட்டுக்குப் பிடிப்பக்கம் இருப்பது ஆரிங் என்ற தனித் துண்டு. ஜாவாவில் அதற்கு வேறு பெயர் உண்டு. பெரும்பாலான கெரிஸ்களில் அதைத் தனியாக அடித்து, அலகின் வால் போன்ற புட்டிங்கில் கோத்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். எலுமிச்சைச் சாறும் குழாய்த் தண்ணீரும் அதற்குள் போய்த் தங்கியிருக்கின்றன. வெளியே துடைத்தது காய்ந்துவிட்டது, உள்ளே இருக்கும் அமிலம் இரும்பைத் தொடர்ந்து அரிக்கிறது. கடற்காற்றின் உப்பும் கூடவே இருந்தால் துரு நிற்கவே நிற்காது. சில கெரிஸ்களில் ஆரிங் தனித் துண்டாக இல்லாமல், ஒரே இரும்பில் கோடு மட்டும் கீறியிருக்கும். அப்படியானால் கசிவு பிடிக்குள்ளிருந்து வருகிறது. உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்லுங்கள்.

எதுவானாலும் முதலில் கையுறை போடுங்கள். பழைய கெரிஸ்களில் வாரங்கான் பூசியிருக்க வாய்ப்புண்டு. அது ஆர்செனிக் சேர்ந்த கனிமம். எலுமிச்சைச் சாற்றில் கரைத்துப் பூசினால் இரும்பு கருமையாகும், நிக்கல் வெள்ளியாக நிற்கும். அதன் மிச்சம் அலகில் இருக்கலாம் என்பதால் உலர்ந்த துருவை ஊதாதீர்கள், காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், சமையலறையில் வேலை வேண்டாம்.

பினாங்குப் பேத்தி எழுதியது:

நன்றி ஐயா. கோடு உண்மையான இடைவெளிதான், நகம் மாட்டுகிறது. பிடியைக் கழற்ற வேண்டுமா? மாமாவோ கெரிஸை வியாழன் இரவு சாம்பிராணிப் புகை காட்டாமல் தொடக்கூடாது என்கிறார்.

கோத்தபாரு வாசகர் எழுதியது:

புகை காட்டுங்கள். பெரியவர் மனம் நிறைவோடு சம்மதித்தால் வேலை நிதானமாக நடக்கும். ஜாவாவில் சுரோ மாதத்தில் கெரிஸைக் கழுவும் ஜமாசான் சடங்கையும் அப்படித்தான் மரியாதையோடு செய்கிறார்கள். இந்தோனேசியக் கெரிஸ் 2008-இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்தது.

பிடியைப் பொறுத்தவரை, ஆடுகிறது என்றால் துணி சுற்றியோ அரக்கால் ஒட்டியோ இருக்கும். துணி என்றால் மெல்லத் திருகி இழுத்தால் வந்துவிடும். அரக்கு என்றால், பிடிக்கு அருகே உள்ள இரும்பை முடி உலர்த்தும் கருவியால் இதமாகச் சூடாக்கிப் பாருங்கள். நெருப்பு வேண்டாம். தந்தப் பிடி உள்ளவர்கள் இதைப் படித்தால் சூடே காட்டக்கூடாது, பிளந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், புட்டிங் மெலிந்திருந்தால் முறிந்துபோகும்.

பிறகு, சமையல் சோடா கொஞ்சம் கலந்த காய்ச்சி வடித்த நீரை மென்மையான பல் துலக்கியால் இடைவெளியில் செலுத்துங்கள். கார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் போதும், குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கும். அடுத்து வெறும் காய்ச்சி வடித்த நீர், பல முறை. கடைசியில் மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் செலுத்தினால் மிச்சத் தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஆவியாகும். ஆல்கஹால் முழுதும் ஆவியான பிறகே சூடான காற்றைக் காட்டுங்கள். அலகு வெதுவெதுப்பாக இருக்கும்போதே தையல் எந்திர எண்ணெயை இடைவெளியில் விடுங்கள், தானாக உள்ளே இறங்கும்.

தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். மணம் வேண்டுமானால் தையல் எந்திர எண்ணெயில் சந்தன எண்ணெய் சில துளிகள் சேர்க்கலாம்.

இரும்புக்கடைத் தம்பி எழுதியது:

ஐயா, அக்கா வாரங்கான் பூசினால் கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரியுமே?

கோத்தபாரு வாசகர் எழுதியது:

தெரியும் தம்பி. அதை அந்த வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். மலாயாவில் சோறும் கந்தகமும் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசும் முறையும் இருந்தது. துரு நிற்காத அலகில் உப்பு வைப்பது ஆபத்து. முதலில் துரு நிற்கட்டும்.

பினாங்குப் பேத்தி எழுதியது:

பிடி துணிச் சுற்றுதான், எளிதாக வந்துவிட்டது. புட்டிங் முழுவதும் ஆரஞ்சுத் தூள். நீங்கள் சொன்னபடி கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டேன். ஒரு மழை வாரம் கடந்தும் கோடு கருமையாகவே இருக்கிறது. அலகின் நடுவே இறுகிய கருந்திட்டுகளைச் சுரண்டவில்லை. மாமா பார்த்துவிட்டு அதிக நேரம் கையில் வைத்திருந்தார். இனி உறைக்குள் வைக்கலாமா?

கோத்தபாரு வாசகர் எழுதியது:

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. கருந்திட்டுகள் இறுகியிருந்தால் அவை இரும்பைக் காக்கும், அப்படியே இருக்கட்டும். உறைக்குள் பழைய துருத் தூளும் ஈரமும் இருக்கும். அதைத் தலைகீழாகத் தட்டி, நிழலில் காற்றாட வையுங்கள், வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். அதுவரை அலகைப் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் தனியாக வையுங்கள். உறைக்குள் போன பிறகும் மாதம் ஒரு முறை உருவிப் பார்த்து, கைரேகையைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். உருவும்போது உறையின் விளிம்பைச் சுற்றி விரல்களைக் கொண்டுவராதீர்கள். பழைய உறை பிளந்தால் அலகு நேராகக் கையில்தான் இறங்கும்.