கடலில் ஒளியுணரியைச் சரிபார்க்கும் கருவிக்குத் தமிழ்ச்சொல்

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், வணக்கம். கடல்நிற அளவீட்டுக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒளியுணரிகளின் அளவுத்திருத்தம் பயணத்தின்போது மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கப்பலில் கொண்டுசெல்லும் ஒளிமூலத்துக்கு ஒரு சொல் வேண்டும். ‘பெயர்வு அளவுத்திருத்த ஒளிமூலம்’ (பெயர்வு: இடம்விட்டு இடம் கொண்டுசெல்லக்கூடியது) என்பது இப்போதைக்கு வரைவில் உள்ளது. நீளம் உறுத்துகிறது.

கடலியல் ஆய்வாளர்:
நீளத்தைவிடப் பொருள்தான் உறுத்துகிறது. அளவுத்திருத்தம் ஆய்வகத்தில் நடப்பது. அங்கே 1000 வாட் திறனுள்ள நியம விளக்கை 50 செ.மீ. தொலைவில் நிறுத்தி, தெரிந்த ஒளியளவுக்கு உணரி என்ன எண் தருகிறது என்று பார்த்து, அந்த எண்ணை ஒளியளவாக மாற்றும் கெழுவைக் கணக்கிடுகிறோம். ஆடும் கப்பலில் அந்த ஏற்பாடு நிற்காது. ஆகவே, விளக்குப் பெட்டியின் வாயில் உணரியின் முகத்தைப் பொருத்தி, வெளியொளி புகாமல் மூடி, முன்பு வந்த எண்ணே இன்றும் வருகிறதா என்று மட்டும் பார்க்கிறோம்; கெழுவை அங்கே திருத்துவதில்லை. 1997இல் செயற்கைக்கோளில் ஏவப்பட்ட, கடல்நிறம் அளக்கும் சீவிஃப்ஸ் உணரியின் தரவுகளுக்குத் துணையாக, நாசாவும் அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமும் இத்தகைய கருவியை உருவாக்கியபோது, அதற்குத் ‘தரக் கண்காணிப்பி’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார்கள். எனவே ‘திருத்தம்’ என்ற சொல் பெயரில் வரவே கூடாது.

தமிழாசிரியர்:
ஆய்வாளர் ஐயா சொல்வதைப் பார்த்தால் சொல் நம்மிடமே இருக்கிறது. குறளில் (505) வரும் கட்டளைக்கல், அதாவது உரைகல், பொன்னின் மாற்றைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை, உள்ளதைக் காட்டுகிறது. ‘கட்டளை விளக்கு’ எனலாம்; அல்லது, உரைகல் போலவே வினைத்தொகையாக ‘உரைவிளக்கு’ எனலாம். உரை, உரசு, உராய், உரிஞ்சு ஆகியவை ஒரே வேரின என்பது என் துணிபு. ஒன்றை இன்னொன்றோடு ஒட்டிப் பார்த்து உண்மை அறிதல் என்ற கருத்து அந்த வேரிலேயே கிடக்கிறது.

இயற்பியல் ஆசிரியை:
வேர் அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் வகுப்பில் எடுபடாது. ‘கட்டளை’ என்றால் மாணவர்கள் கணினிக்கு இடும் ஆணையை நினைப்பார்கள். ‘உரை’ என்றால் சொற்பொழிவையோ பாட்டுக்கு எழுதிய விளக்கத்தையோ நினைப்பார்கள். ‘ஒளிமூலம்’ பாடநூலில் பழகிய சொல். ‘களச் சரிபார்ப்பு ஒளிமூலம்’ என்றால் யாரும் அகராதியைத் தேட வேண்டாம். வரைவிலுள்ள ‘பெயர்வு’க்கு ஈடாகக் ‘கையடக்க’ என்ற அடைமொழியை மட்டும் சேர்க்க வேண்டாம். அந்தப் பெட்டி கைக்குள் அடங்குவதன்று.

கடலியல் ஆய்வாளர்:
உரைகல்லில் எனக்கு வேறொரு தடை உண்டு. விளக்கு தானே மூப்படைகிறது. எண் குறைந்தால் மங்கியது உணரியா விளக்கா என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே பெட்டிக்குள் இன்னொரு ஒளியுணரி விளக்கைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. மேலும், கடலுணரியின் முகம் பெட்டிக்குள் எதிரொளிப்பதால் அந்த உள்ளுணரியின் எண்ணும் மாறும். அதற்காகக் கடலுணரியின் அதே அளவும் வடிவும் கொண்ட மாற்றுருளையை, அளவீட்டுக்கு முன்னும் பின்னும் அதன் இடத்தில் பொருத்திப் பார்க்கிறோம். இத்தனை காவல் தேவைப்படும் ஒன்றை உரைகல் என்று எப்படி நம்பிச் சொல்வது?

தமிழாசிரியர்:
உரைகல்லில் ஒட்டிய பொன்துகளையும் மெழுகால் ஒற்றி எடுப்பார்களே ஐயா. காவல் அதற்கும் உண்டு. ‘களம்’ என்பது நெல்லடிக்கும் இடமும் போர் நடக்கும் இடமும் ஆயிற்றே, அலைகடலுக்கு எப்படிப் பொருந்தும்?

இயற்பியல் ஆசிரியை:
‘களப்பணி’ என்று சொல்லி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பொருள் நிலைத்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்:
எழுதிய அனைவருக்கும் நன்றி. இயற்பியல் ஆசிரியை பக்கம் சாய்ந்து ‘களச் சரிபார்ப்பு ஒளிமூலம்’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். ‘உரைவிளக்கு’ கலைச்சொல் பட்டியலில் மாற்றுச்சொல்லாக இடம்பெறும்.

தமிழாசிரியர்:
பட்டியலில் இடம் கொடுத்ததற்கு நன்றி. ஆயினும் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். விளக்கு சூடேறி நிலைப்படக் காத்திருக்கும் வேளையில், கப்பல் தளத்தில் ஒருவர் இன்னொருவரிடம் ‘உரைவிளக்கைப் போட்டாயிற்றா?’ என்று கேட்க முடியும். உங்கள் மூன்று சொல் தொடரை எவரும் வாய்விட்டுச் சொல்லப் போவதில்லை. அங்கே மறுபடியும் ஆங்கிலப் பெயர்தான் வழங்கும்.