பயம் வந்தாலே விசுவாசம் இல்லையென்று ஆகிவிடுமா?

கேள்வி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஏழு மாதங்களுக்கு முன் என் தகப்பனார் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அன்றிலிருந்து இரவில் விளக்கை அணைத்ததும் என் நெஞ்சு படபடக்கிறது. மணிக்கட்டில் விரலை வைத்து நாடியை எண்ணுகிறேன், எண்ண எண்ண அது இன்னும் வேகமெடுக்கிறது. இதயத்தில் குறையொன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சபை மூப்பர் ஒருவரோ, பயம் என்பது அவிசுவாசம், அதை அறிக்கையிட்டு விட்டுவிடுங்கள் என்றார். "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்ற வசனத்தை எழுதித் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். அதைச் சொல்லும்போதெல்லாம், அப்படியானால் என்னிடம் இருப்பது எந்த ஆவி என்ற புதுப் பயமும் சேர்ந்துகொள்கிறது. விசுவாசிக்குப் பயம் வரக்கூடாதா?

மறுமொழி 1

அந்த வசனத்தை அதன் இடத்தில் வைத்து வாசியுங்கள், சகோதரரே. சிறையிலிருக்கும் பவுல், தம் இளம் உடன் ஊழியரான தீமோத்தேயுவின் கண்ணீரை நினைத்துக்கொண்டு எழுதும் நிருபம் அது. அடுத்த வசனமே "நம்முடைய கர்த்தரைப் பற்றிய சாட்சியைக் குறித்து" வெட்கப்படாதே என்கிறது. ஆகவே அங்கே பேசப்படுவது, பாடுகளுக்கு அஞ்சிச் சாட்சியிலிருந்து பின்வாங்கும் கோழைத்தனமேயன்றி, தகப்பனை இழந்தவருக்கு நள்ளிரவில் வரும் படபடப்பு அல்ல. அதே பவுல் 2 கொரிந்தியர் 7:5இல், "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்று ஒளிக்காமல் எழுதுகிறார். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவரே திகிலடைந்தார் என்று மாற்கு சொல்லும்போது, பயம் தன்னளவில் பாவம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மறுமொழி 2

ஆனாலும் பயத்துக்கு இடங்கொடுக்கக் கூடாது. வேதத்தில் "பயப்படாதே" என்பது 365 முறை, நாளுக்கு ஒன்றாக இருக்கிறது. 1736இல் அட்லாண்டிக் கடலில் புயல் அடித்தபோது, கப்பலிலிருந்த மொராவிய விசுவாசிகள் (ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு புராட்டஸ்டண்ட் சபையார்) கலங்காமல் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தார்கள்.

மறுமொழி 3

அந்த 365 கணக்கு பிரசங்கங்களில் அடிக்கடி வருகிறது. எண்ணிப் பார்த்தால் வருவதில்லை. எண்ணிக்கையைவிட, அச்சொல் யாரிடம் சொல்லப்படுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. லூக்கா சுவிசேஷத்தில் தேவதூதனைக் கண்ட சகரியா, மரியாள், மேய்ப்பர்கள் என எல்லாரும் ஏற்கெனவே கலங்கி நின்றவர்கள். அவர்களில் மேய்ப்பர்கள் "மிகவும் பயந்தார்கள்" என்றே லூக்கா எழுதுகிறார். இடி இடிக்கும்போது பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டு தாய் சொல்லும் "பயப்படாதே" அது, அதட்டல் அல்ல. மேலும், நீங்கள் சொன்ன அதே கப்பலில், பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் இருந்தார். குருப்பட்டம் பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தும் அவர் சாக அஞ்சினார். அதைத் தம் நாட்குறிப்பில் தாமே எழுதி வைத்தார். அந்தப் பயத்தை மறைக்காமல்தான் அவர் மொராவியர்களிடம் போய்க் கேட்டார்.

மறுமொழி 4

நானும் இதே போன்ற இரவுகளைக் கடந்தவள் என்பதால் சொல்கிறேன், தம்பி. தன்னைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்கு அஞ்சி ஓடிய எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாக வேண்டும் என்று கேட்டபோது, தூதன் அவருக்கு வசனம் சொல்லவில்லை; தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, எழுந்து சாப்பிடச் சொன்னான். அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார், அதற்கும் கடிந்துகொள்ளவில்லை. உடலுக்கு வேண்டியதைச் செய்வது விசுவாசக் குறைவு அல்ல. ஆகவே மனநல மருத்துவர் ஒருவரையும் பாருங்கள். இந்தப் படபடப்புக்குச் சிகிச்சை உண்டு.

இரவில் நாடியைப் பிடிக்கத் தோன்றினால் எழுந்து உட்கார்ந்து, 56ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிறார் தாவீது. பயம் போன பிறகு நம்புவேன் என்று அவர் சொல்லவில்லை. எட்டாம் வசனத்தை மட்டும் நிதானமாக வாசியுங்கள்: "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்." துருத்தி என்பது தண்ணீர் சேர்த்து வைக்கும் தோல்பை. தகப்பனாருக்காக நீங்கள் இன்னும் அழுது முடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

அக்கா, அடக்க ஆராதனையன்று எல்லாருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான், அன்று அழவில்லை. நேற்றிரவு எட்டாம் வசனத்தோடு நின்றுவிட்டேன், அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை. நாடியை எண்ணவும் மறந்துவிட்டேன். வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.